இருவர் குழு, எட்டுப் பேர் வண்டி

2014இல் 28 நாள் டூர் முடித்துத் திரும்பிய பாம்ப்லமூஸ் என்ற, இருவர் மட்டுமே கொண்ட அமெரிக்க இசைக்குழு, தன் வரவு செலவைத் தலைப்பு வாரியாக ஒரு கட்டுரையாக எழுதிப் பொதுவில் வைத்தது. 23 ஊர், 24 மேடை. வரவு 1,35,983 டாலர். செலவு 1,47,802 டாலர். கையைக் கடித்தது 11,819 டாலர். சான் பிரான்சிஸ்கோவின் பெயர்பெற்ற ஃபில்மோர் அரங்கில் வாசித்த டூர் அது. டிக்கெட் விற்பனையில் கிடைத்த பங்கு மட்டுமே 97,519 டாலர். கூட்டம் வராமல் படுத்த டூர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்படியும் நஷ்டம்.

டூர் வேலையில் இருப்பவர்கள் இந்த மாதிரிக் கணக்கை அடிக்கடி பார்க்கிறவர்கள்தான். ஆனால் அது மேனேஜர், ஆடிட்டர், வக்கீல் ஆகியோர் மேஜையைத் தாண்டி வெளியே வருவதில்லை. ஒரு குழு தன் பெயரைப் போட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே தொகையை எழுதி வெளியிட்டது இந்தத் தொழிலுக்குச் செய்த பெரிய உதவி. முதல் முறையாக டூர் பட்ஜெட் போடுகிற யாருக்கும் இன்றைக்கும் அந்தக் கணக்கைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஆனால் தொகைகளை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அந்த இருவரும் அதுவரை வீட்டில் எப்படி வேலை செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சில் கிரேப்ஃப்ரூட் பழத்துக்குப் பாம்பிள்மூஸ் என்று பெயர். (நம்மூர் பம்பளிமாஸும் அந்தச் சொல்லுக்கு உறவுதான்.) அதைக் காதில் விழுகிறபடி ஆங்கிலத்தில் எழுதிக் குழுவின் பெயராக்கிக்கொண்டு 2008இல் தொடங்கியவர்கள் நாட்டலி டானும் ஜாக் கான்ட்டியும். இருவரும் ஸ்டான்ஃபோர்டில் படித்தவர்கள். நாட்டலி பாடுவார், பேஸ் கிட்டார் வாசிப்பார். கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார் எல்லாம் ஜாக். ரெக்கார்டிங் கம்பெனியின் துணை இல்லாமல் வீட்டிலேயே பதிவு செய்து யூடியூபில் ஏற்றினார்கள்.

அந்த வீடியோக்களுக்கு ஜாக் வைத்த பெயர் 'வீடியோசாங்'. விதி இரண்டே இரண்டு. கண்ணில் படுவதுதான் காதில் கேட்க வேண்டும். அதாவது குரலுக்கும் வாத்தியத்துக்கும் வாயசைப்பு, கையசைப்பு கூடாது. காதில் கேட்பது எங்காவது ஓரிடத்தில் கண்ணில் பட வேண்டும். மறைத்து வைத்த ஒலி கூடாது.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. வேலையில் இறங்கினால் ஸ்டுடியோ தரும் பாதி வசதியை இந்த இரண்டு விதிகளும் பிடுங்கிக்கொள்ளும். வழக்கமாக ஒரு பாடகி ஒரே பாட்டை நான்கு டேக் (அதாவது நான்கு முறை பதிவாக) பாடினால், முதல் வரியை இரண்டாம் டேக்கிலிருந்தும் அடுத்த வரியை நான்காம் டேக்கிலிருந்தும் எடுத்து ஒட்டி, ஒரே மூச்சில் பாடியதுபோல் ஆக்கிவிடலாம். கேட்பவருக்கு ஒட்டு தெரியாது. வீடியோசாங்கில் ஒலியை வெட்டிய இடத்தில் படத்தையும் வெட்டியாக வேண்டும். ஒரே வரிக்குள் மூன்று ஒட்டு போட்டால் முகம் மூன்று முறை துள்ளும். ஆகவே ஒரு பத்தி முழுவதும் சுத்தமாக வருகிற டேக் கிடைக்கும்வரை பாட வேண்டும். இல்லையென்றால் வெட்டு தாளத்தின் மேல் விழும்படி இடம் பார்க்க வேண்டும். ஸ்னேர் டிரம் அடிக்கும் இடத்தில் படம் மாறினால் கண் அதைத் தாளமாக எடுத்துக்கொள்கிறது. ஓர் அரைக்கால் அடி தள்ளிப் போனால் தவறு மாதிரித் தெரிகிறது.

இந்த முறையில் பாட்டு எடுக்க நினைப்பவர்கள் முதலில் வேகத்தைப் பூட்டிவிட வேண்டும். கிளிக் (தாள வேகத்தைக் காட்டும் டிக் டிக் ஒலி) ஓடவிட்டு, ஒரு கீபோர்டும் ஓர் ஒப்புக் குரலும் மட்டும் வைத்து முழுப் பாட்டுக்கும் வழிகாட்டி ட்ராக் போடுவது முதல் வேலை. அதன்மேல் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, கிட்டார், முதல் குரல், துணைக் குரல்கள், கைதட்டு என்று ஒவ்வொன்றாக ஏறும். ஒவ்வொரு டேக்குக்கும் கேமரா ஓட வேண்டும். 15 ட்ராக், ட்ராக்குக்கு 4 டேக் என்றால் 60 கிளிப். மூன்று நிமிடப் பாட்டுக்கு 180 நிமிடப் படம் சேர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு டேக் தொடங்கும்போதும் ட்ராக்கின் பெயரையும் டேக் எண்ணையும் கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லி, ஒரு தட்டு தட்ட வேண்டும். மைக்கில் பதிந்த ஒலியையும் கேமராவில் பதிந்த படத்தையும் சேர்த்து அடிக்கிற ஆணி அந்தத் தட்டுதான். அதை விட்டுவிட்டால், அதே சட்டை, அதே நாற்காலி, அதே வரி என்று ஒன்றுபோல் கிடக்கும் கிளிப்புகளில் எது எந்த டேக் என்று தேடியே ஒரு நாள் போய்விடும்.

தட்டு சரியாகப் பொருந்தியும் பாட்டு முடியும் இடத்தில் உதடு பிசகுவது இன்னொரு தொல்லை. பெரும்பாலும் காரணம் கேமராவின் வேகம். வினாடிக்கு 29.97 பிரேம் என்று பதிந்த படத்தை எடிட்டிங்கில் 30 என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று. 180 வினாடிப் பாட்டில் அது 0.18 வினாடி, அதாவது 5 பிரேமுக்கு மேல். முதல் சரணத்தில் யாருக்கும் தெரியாது. கடைசிப் பல்லவியில் வார்த்தை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக நிற்கும். ஃபோன் கேமராக்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப வேகத்தைத் தாங்களாகவே மாற்றிக்கொள்வதால் அவற்றில் பிசகு ஒரே சீராகக்கூட இருக்காது. வேகத்தைப் பூட்டும் வசதி உள்ள செயலியில் எடுப்பது, அல்லது எடுத்ததை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்டு எடிட்டிங் தொடங்குவது, இரண்டில் ஒன்று கட்டாயம். ஒலியையும் முதலிலிருந்தே 48 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 ஒலி மாதிரி) பதிய வேண்டும்; வீடியோ உலகம் அதில்தான் ஓடுகிறது. 44.1இல் பதிந்த கோப்பை மாற்றாமல் 48 என்று எண்ணி ஓடவிட்டால் பாட்டு ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே போய், வேகமும் கூடிவிடும்.

நாட்டலியின் குரல் மெல்லியது. மைக்குக்கு மிக அருகில், பேசுகிற அளவுக்குத்தான் சத்தம். இப்படிப்பட்ட குரலுக்கு மைக்கின் கெய்னை (ஒலியைப் பெருக்கும் அளவை) உயர்த்தும்போது வேண்டாததும் கூடவே ஏறும்: ஹெட்ஃபோனிலிருந்து கசியும் கிளிக், கேமராவின் ஃபோகஸ் மோட்டார், விளக்கின் விசிறி, பக்கத்து அறை ஃபிரிட்ஜ். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் வைத்து, குரல் டேக்கில் கிளிக்கைக் குறைத்து டிரம்ஸைக் கூட்டி வைத்தால் கசிவு பாட்டோடு கரைந்துவிடும். ஃபோகஸை கையால் பூட்டிவிட வேண்டும். இன்னொன்று துணைக் குரல்கள். மூன்று அடுக்கு என்றால் மூன்று நாட்டலி திரையில் தோன்ற வேண்டும். திரையைப் பிரித்து ஒரே முகம் பக்கம் பக்கமாக நின்று பாடுகிற அந்தத் தோற்றம் அலங்காரத்துக்காக வைத்ததாகத் தெரியலாம். உண்மையில் இரண்டாம் விதி கேட்டு வாங்கியது அது.

2009இல் பியான்சேயின் பாட்டு ஒன்றை இப்படிச் செய்து ஏற்றியது பெரிய அளவில் ஓடியது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் இணையத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பாட்டுகள் விற்றன. 2010 கிறிஸ்துமஸுக்கு ஹூண்டாய் கார் விளம்பரம் வந்தது. பிறர் பாட்டைப் பாடி விற்பதில் சட்டச் சிக்கல் பெரிதாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் ஒலிக்கு அது நேரான வழிதான்: ஏற்கெனவே வெளிவந்த பாட்டை யாரும் பதிவு செய்யலாம், சட்டம் குறித்த தொகையைக் கட்டிவிட வேண்டும். அந்த ஆண்டுகளில் 5 நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 9.1 சென்ட். 99 சென்டுக்கு விற்றால் கடைக்காரர் சுமார் 30 சதவீதம் எடுத்துக்கொள்வார். மீதி 69இல் 9.1 போனால் 60 சென்ட் அளவுக்குக் கைக்கு வரும், அதிலும் விநியோகஸ்தர் பங்கு உண்டு. படம் சேர்ந்தால் கதை வேறு. படத்தோடு சேர்க்கும் உரிமைக்கு நிர்ணயத் தொகை கிடையாது, பாட்டின் உரிமையாளர் சம்மதம் வேண்டும். யூடியூப், பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பாளர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டால் விளம்பரப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு போகிறது. இரண்டு பாட்டைக் கலந்து ஒன்றாக்கினால் பங்கு கேட்பவர்களும் இரட்டிப்பு. பார்வை எண்ணிக்கையைப் பார்த்து வருமானத்தை ஊகிக்கிறவர்கள் தவறுவது இங்கேதான்.

இருவரும் தனித்தனியாகவும் வேலை செய்தார்கள். நாட்டலி 2011இல், மக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் தன் தனி ஆல்பத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். 2013இல் நான்சச் என்ற ரெக்கார்டிங் கம்பெனி அதை வெளியிட்டது. ஜாக் 2013இல் ஒரு வீடியோவுக்காக விண்கலத்தின் உட்புறத்தையே செட் போட்டு, சுமார் 10,000 டாலர் செலவழித்தார். விளம்பரப் பணம் அதன் பக்கத்தில்கூட வராது என்று தெரிந்துதான் ரசிகர்கள் ஒவ்வொரு வீடியோவுக்கும் நேராகப் பணம் தரும் ஏற்பாட்டை யோசித்தார். ஸ்டான்ஃபோர்டில் உடன் தங்கிய சாம் யாமோடு சேர்ந்து அந்த ஆண்டு மே மாதம் பேட்ரியானைத் தொடங்கினார்.

2014 கணக்கு எழுதியபோது பேட்ரியானில் பாம்ப்லமூஸின் ஒவ்வொரு வீடியோவுக்கும் ரசிகர்கள் தருவதாக உறுதி சொல்லியிருந்த தொகை 6,326 டாலர். மாதம் இரண்டு வீடியோ. ஐடியூன்ஸ் முதலிய விற்பனையில் மாதம் சுமார் 5,000. இதில் நாட்டலியும் ஜாக்கும் ஆளுக்கு மாதம் சுமார் 2,500 டாலர் சம்பளமாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குழுவிலேயே போட்டார்கள். இருவர் குழு நடத்துகிற யாரும் இதைக் கவனிக்க வேண்டும். அதிகம் வாசித்தது யார், அதிகம் எடிட் செய்தது யார் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே சமமான, நிலையான சம்பளம் எழுத்தில் இருக்கிறது. வருகிற பணத்தை வந்த அன்றே பாதியாகப் பிரித்துக்கொள்ளும் குழுக்களில், அடுத்த ரெக்கார்டிங்குக்கு யார் பணம் போடுவது என்ற கேள்வியில்தான் விரிசல் தொடங்குகிறது.

இனி டூர் கணக்குக்கு வரலாம்.

சம்பளமும் படியும் 48,094 டாலர். வாடகைக்கு எடுத்த விளக்கு, விளக்குகளை இயக்கும் பலகை, வேன், ட்ரெய்லர், மேடை வாத்தியம், பயணப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 26,450. டி-ஷர்ட் முதலியவற்றைத் தயாரித்தது, விளம்பரம், பார்சல் 21,945. தங்கலும் சாப்பாடும் 17,589. ஏஜென்ட், வக்கீல், கணக்கு பார்த்தவர்கள் கமிஷன் 16,463. பெட்ரோல், விமானம், பார்க்கிங், சுங்கம் 11,816. காப்பீடு 5,445. வரவில் டிக்கெட் போக, டி-ஷர்ட், தொப்பி, சிடி, போஸ்டர் விற்றது 29,714. கணினி நிறுவனமான லெனோவோ தந்த ஆதரவு 8,750.

சராசரி போட்டுப் பாருங்கள். ஒரு நாள் செலவு 5,279 டாலர். ஒரு மேடையில் டிக்கெட் பங்கு 4,063, டி-ஷர்ட் வகையறா 1,238. இரண்டும் சேர்ந்து 5,301. மேடை ஏறிய நாளில் எப்படியோ கட்டி வருகிறது. 28 நாளில் மேடை 24தான். மிச்ச நான்கு நாளும் வேன் வாடகை ஓடுகிறது, அறை வாடகை ஓடுகிறது, ஆளுக்கு 20 டாலர் தினப்படி ஓடுகிறது. வரவு மட்டும் இல்லை. பயண நாள் என்று காலண்டரில் சாதாரணமாகக் குறிக்கப்படும் நாள்தான் பட்ஜெட்டில் மிக விலையுயர்ந்தது. ஊர் வரிசையைப் போடும்போதே, ஏழு எட்டு மணி நேர ஓட்டத்தை இரண்டு மேடைகளுக்கு நடுவே வைக்காமல் இருக்கப் போராட வேண்டும். ஏஜென்ட்டிடம் கேட்கத் தயங்கக் கூடாத விஷயம் இது.

பணம் வருகிற வரிசையும் முக்கியம். வேனுக்கு முன்பணம், டி-ஷர்ட் அச்சு, விமான டிக்கெட், காப்பீடு எல்லாம் முதல் மேடைக்கு முன்பே கட்ட வேண்டியவை. டிக்கெட் பணமோ ஒவ்வொரு இரவும் அரங்கின் கணக்கு முடிந்த பிறகுதான். இடைப்பட்ட காலத்துக்குக் கிரெடிட் கார்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது. டி-ஷர்ட்டில் வேறொரு சங்கடம். அளவுகளைச் சமமாகப் பிரித்து அச்சடித்தால் பத்து மேடைக்குள் மீடியமும் லார்ஜும் தீர்ந்து, ஸ்மாலும் இரட்டை எக்ஸ்எல்லும் பெட்டியோடு ஊர் திரும்பும். விற்காத அந்தப் பெட்டியும் செலவுக் கணக்கில் முழுத் தொகையாகவே நிற்கும்.

கணக்கில் மிகப் பெரிய தொகை சம்பளம். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. இருவர் குழு ஆறு பேரை வேலைக்கு அமர்த்திக்கொண்டு கிளம்பியது. மொத்தம் எட்டுப் பேர், அறைக்கு இருவராக இரவுக்கு நான்கு அறை. இருவர் மட்டுமே போயிருந்தால் 50,000 டாலருக்கு மேல் மிச்சமாகியிருக்கும் என்று அந்தக் கட்டுரையிலேயே ஜாக் எழுதியிருந்தார். அப்படிச் செய்திருந்தால் 11,819 நஷ்டம் 38,000 டாலருக்கு மேல் லாபமாகியிருக்கும். தெரிந்தேதான் செய்தார்கள், முழு வீச்சில் ஒரு ராக் மேடை கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இந்த முடிவைப் பலர் குறை சொன்னார்கள். பேட்ரியானுக்கு விளம்பரம் தேடத்தான் இந்தக் கட்டுரை என்றவர்களும் உண்டு. ஜாக் அந்த நிறுவனத்தை நடத்துகிறவர் என்பதால் அந்தச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் எந்தத் தலைப்பிலும் ஊதிய தொகை தெரியவில்லை. ஒவ்வொன்றும் இந்த அளவு டூரில் எதிர்பார்க்கக்கூடிய தொகைதான்.

எங்களைக் கேட்டால் அந்த ஆறு சம்பளமும் வீட்டறையில் எழுதிய இரண்டு விதிகளிலிருந்து வந்தவை. இவர்களைப் பார்த்துப் பழகிய ரசிகர் ஒவ்வொரு ஓசைக்கும் அதை வாசிக்கிற கையைப் பார்த்துப் பழகியவர். வீட்டில் ஜாக் ஒருவரே டிரம்ஸ் வாசித்து, எழுந்து போய்க் கீபோர்டு வாசித்து, திரும்பி வந்து கிட்டார் வாசிக்கலாம். திரையில் மூன்று ஜாக் ஒன்றாக நிற்பார்கள். மேடையில் ஒரே ஜாக்தான். மற்ற ஓசைகளை லேப்டாப்பிலிருந்து ஓடவிட்டு இருவர் மட்டும் நிற்பது எத்தனையோ இருவர் குழுக்கள் செய்வதுதான், அதில் தவறும் இல்லை. ஆனால் காதில் கேட்பது கண்ணில் பட வேண்டும் என்று ஆறு ஆண்டு பழக்கிவிட்ட கூட்டத்தின் முன்னால் அது செல்லாது. திரையில் இலவசமாகக் கிடைத்த ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் மேடையில் சம்பளம், படி, படுக்கை, வேனில் ஓர் இருக்கை.

ஆகவே வீட்டிலிருந்து மேடைக்குப் போகும் இருவர் குழு முதலில் செய்ய வேண்டிய வேலை, தன் பத்துப் பாட்டையும் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் எத்தனை கைகள் வாசிக்கின்றன என்று எண்ணுவது. ஐந்து ஆள் தேவைப்படும் பாட்டு இரண்டே இரண்டு என்றால் அவற்றை மூன்று பேருக்குத் திருத்தி எழுதிவிடலாம். எட்டுப் பாட்டுக்கு ஐந்து ஆள் வேண்டுமென்றால் வேனை நம்பாமல் வேறு வழி பார்ப்பது நல்லது.

பாம்ப்லமூஸும் அந்த வேறு வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. 2017இல் ஜாக் கிட்டார் கலைஞர் ரயன் லெர்மனோடு ஸ்கேரி பாக்கெட்ஸ் என்ற ஃபங்க் குழுவைத் தொடங்கி, வாராவாரம் ஒரு பாட்டு வெளியிடும் முறைக்கு வந்தார். பாம்ப்லமூஸும் அதே தடத்தில் திரும்ப வேகம் பிடித்தது. 2021இல் முழுக்கப் பிரெஞ்சில் ஓர் ஆல்பம்கூட வந்தது. இப்போது திரையில் மூன்று ஜாக் இல்லை. கைதேர்ந்த வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாக வாசிக்க, சுற்றிலும் கேமராக்கள் ஓடுகின்றன. கண்ணில் படுவதுதான் காதில் கேட்கிறது. இரண்டு விதியும் அப்படியே இருக்கின்றன, அவற்றை நிறைவேற்றும் வழி மாறியிருக்கிறது.

இந்த முறையில் தவறுகள் வேறு மாதிரி. டிரம்ஸ் எல்லா மைக்கிலும் கசியும் என்பதால், பேஸில் ஒரு சுரம் பிசகினால் அந்த இடத்தை மட்டும் மாற்றி ஒட்ட முடியாது. கசிந்த டிரம்ஸின் ஓசையும் அந்த இடத்தில் மாறிவிடும். எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். அதனால் குரலுக்கு ஒரு பக்கம் மட்டும் வாங்கும் மைக்கை வைத்து அதன் முதுகை டிரம்ஸுக்குக் காட்டுவதும், பேஸ் கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேராகப் பதிவதும் கசிவைக் குறைக்கும். ஸ்வர அமைப்பைக் குறித்த ஒரு பக்கத் தாள் முந்தைய நாளே எல்லோர் கைக்கும் போயிருக்க வேண்டும். ஸ்டுடியோ வாடகையும் வாத்தியக்காரர் சம்பளமும் கேமராக்காரர் சம்பளமும் நாள் கணக்கில் என்பதால், ஒரு நாளில் ஒரு பாட்டு எடுப்பவருக்கு ஆகும் செலவும் நான்கு பாட்டு எடுப்பவருக்கு ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றே. காலையில் ஒலி சரிபார்ப்பது ஒரே முறை. பாட்டுக்குப் பாட்டு மாறுவது சட்டையும் விளக்கின் நிறமும்தான். மாலையில் ட்ரெய்லரில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, சம்பளத்தைக் கொடுத்து, எட்டுப் பேரும் அவரவர் வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.